சேர்வராயன் மலையில வீடு வீடா கிறிஸ்மஸ் கேரல் பாடப் போற தம்பி தங்கச்சிங்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்பான தம்பி தங்கச்சிங்களுக்கு,

டிசம்பர் பொறந்தாச்சு, சாயங்காலம் ஆறு மணிக்கே பனி இறங்கி எதிர்ல வர்ற ஆள் முகம் தெரிய மாட்டேங்குது, நீங்களும் கிட்டாரு டிரம்மெல்லாம் தூசி தட்டி பிராக்டிஸ் ஆரம்பிச்சிருப்பீங்க. நாகலூர் பக்கமோ மஞ்சக்குட்டை பக்கமோ, எந்தப் பங்குக் கோயில்ல இருந்து எந்தக் குழு போனாலும் சரி, எல்லாருக்கும் சேர்த்துதான் எழுதுறேன். எஸ்டேட் லைன் வீடு வரைக்கும் ஒரு வீடு விடாம ராத்திரி நேரத்துல ஏறி இறங்குறது நீங்கதான். அதனாலதான் உங்ககிட்ட கேக்குறேன், பாட்டு முடிஞ்சு ஜெபம் சொன்னதும் ரெண்டே ரெண்டு நிமிஷம் நின்னு அந்த வீட்டுக்காரங்ககிட்ட குளிர் காய கங்கு போட்டு உள்ள வைக்கிற கணப்புச் சட்டிய பத்தி பேசிட்டு வாங்க.

ஏன்னு சொல்றேன். மூணு வருஷம் முன்னாடி, கிறிஸ்மஸுக்கு ரெண்டு நாள் இருக்கும், எங்க வீட்டுக்கு சேலத்துல இருந்து சித்தி, சித்தி மக, அவளோட ரெண்டு வயசுப் பாப்பா எல்லாரும் வந்திருந்தாங்க. வெளிய விறகடுப்புல கல்கல்லும் அதிரசமும் சுட்டோம். முடிஞ்சதும் நல்ல செவந்த கங்கு மிச்சம் இருந்துச்சு, பாப்பாவுக்கு குளிருமேன்னு எங்கம்மா அதை இரும்புச் சட்டியில அள்ளிட்டு வந்து ரூம் நடுவுல வச்சுட்டாங்க. ஜன்னல் சாத்தி, கதவுக்கு அடியில காத்து வராம பழைய சாக்கு திணிச்சு, ஆறு பேரு அந்த ஒரு ரூம்ல படுத்தோம். நடுராத்திரி எனக்கு மண்டை பொளக்குற மாதிரி வலி, எந்திரிச்சா கால் நிக்கல. சித்தி வாந்தி எடுக்குறாங்க, ராத்திரி சாப்பிட்ட கறி ஒத்துக்கலன்னுதான் எல்லாரும் நினைச்சோம். அம்மாவை எழுப்பினா என்னமோ உளர்றாங்க. பாப்பா மட்டும் எழவே இல்ல, தூக்கினா துணி மாதிரி தொங்குறா. ஏதோ ஒரு புண்ணியம், சித்தி மக அவளை அள்ளிட்டு வாசலுக்கு ஓடினா, அந்த வெளிக்காத்துதான் காப்பாத்துச்சு. அப்புறம் ஜீப் புடிச்சு, பனியில 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி ஆஸ்பத்திரி போய் ஆக்சிஜன் வச்சாங்க. எல்லாரும் பொழச்சோம். அந்த ஒண்ணரை மணி நேரப் பயணத்தை நினைச்சா இன்னைக்கும் என் கை நடுங்குது.

அது கார்பன் மோனாக்சைடு. நிறம் கிடையாது, வாசனை கிடையாது, கண்ணு எரியாது. பச்சை விறகுன்னா புகை மூட்டி இருமி நாமளே வெளிய ஓடிடுவோம், ஆனா புகையில்லாம செவப்பா கனன்னுட்டு இருக்கிற கங்குதான் இந்த வாயுவை நிறைய விடும், நாம அதைத்தான் "புகை அடங்கிருச்சு, இப்ப உள்ள வைக்கலாம்"னு எடுத்துட்டு வர்றோம். ரத்தத்துல ஆக்சிஜன் ஒட்டுற இடத்துல இது 200 மடங்குக்கு மேல பலமா ஒட்டிக்கும், மூச்சு நல்லா வாங்கினாலும் உடம்புக்கு ஆக்சிஜன் போய்ச் சேராது. அசந்து தூங்குறவங்களுக்கு பல நேரம் தலைவலி கூட தெரியாது, அப்படியே போயிடுவாங்க. 2024 ஆகஸ்ட்ல கொடைக்கானல்ல ரூம் எடுத்துத் தங்கின திருச்சி பசங்க ரெண்டு பேரு பார்பிக்யூ கரியை உள்ள விட்டுட்டு தூங்கி செத்துப் போனது உங்களுக்கு ஞாபகம் இருக்கும்.

நீங்க இதைச் சொன்னதும் வீட்டுல இருக்கிற ஆயா தாத்தாவெல்லாம் "எங்க காலத்துல இருந்து வைக்கிறோம், யாருக்கு என்ன ஆச்சு"ன்னு கேப்பாங்க. கோவப்படாதீங்க, எதிர்த்துப் பேசாதீங்க. அவங்க சொல்றது பொய் இல்ல. அப்ப இருந்தது ஓட்டு வீடு, ஓட்டுக்கு ஓடு சந்து, சுவத்துக்கும் கூரைக்கும் நடுவுல கை நுழையுற இடைவெளி. இப்ப காங்கிரீட் போட்டாச்சு, அலுமினிய ஜன்னல் போட்டாச்சு, இருக்கிற சந்தையும் சாக்கு வச்சு அடைச்சாச்சு. சட்டி அதே சட்டிதான், வீடுதான் மாறிடுச்சு. இப்படிச் சொன்னா அவங்க கேப்பாங்க, எங்கம்மா அப்படித்தான் கேட்டாங்க. ஜன்னலை லேசா திறந்து வச்சா போதும்னு யாராவது சொன்னா அதையும் ஒத்துக்காதீங்க, அது போதாது. மாசமா இருக்கிற பொண்ணு இருக்கிற வீடுன்னா இன்னும் அழுத்திச் சொல்லுங்க, வயித்துப் புள்ளைக்கு இது ரொம்ப ஆபத்து.

இன்னொண்ணு, கொரோனா டைம்ல வாங்கின ஆக்சிமீட்டர் நிறைய வீட்டுல இருக்கு. இந்த விஷயத்துல அதை நம்பவே கூடாது, இந்த வாயு ஒட்டின ரத்தத்தையும் அது ஆக்சிஜன் ஒட்டினதாத்தான் எடுத்துக்கும், ஆள் மயங்கிக் கெடந்தாலும் 98ன்னு காட்டும். முதல்ல கதவைத் திறந்து ஆளை வெளிய இழுத்துட்டு வரணும், 108 கூப்பிடணும், டாக்டர்கிட்ட "உள்ள கரி வச்சிருந்தோம்"னு மறக்காம சொல்லணும். சொன்னாத்தான் அவங்க வாந்திக்கு ஊசி போட்டு அனுப்பாம மாஸ்க் வச்சு ஆக்சிஜன் குடுப்பாங்க. சும்மா காத்துல ரத்தத்துல இருக்கிற அந்த வாயு பாதி குறையவே நாலஞ்சு மணி நேரம் ஆகும், முழு ஆக்சிஜன் வச்சா அதே பாதி ஒரு மணி, ஒண்ணரை மணி நேரத்துல குறைஞ்சிடும்.

ஸ்டார், குடில் பத்தியும் ஒரு வார்த்தை. பேப்பர் ஸ்டாருக்குள்ள இன்னும் குண்டு பல்ப் போட்டிருந்தா எல்.இ.டி மாத்தச் சொல்லுங்க. ஈபி கம்பிக்கு கிட்ட கட்டுக்கம்பி வச்சு ஸ்டாரைத் தொங்க விடவே கூடாது, நம்ம பனியில எல்லாமே நனைஞ்சுதான் இருக்கும். 24ந்தேதி ராத்திரி பூசைக்கு வீட்டைப் பூட்டிட்டு எல்லாரும் கோயிலுக்கு வந்திடுறோம், வைக்கோல் போட்ட குடில்ல மெழுகுவத்தி மட்டும் தனியா எரிஞ்சிட்டு இருக்கும், அதை ஊதி அணைச்சுட்டு வரச் சொல்லுங்க. கேஸ் வாசனை வந்தா சுவிட்சைத் தொடாம ஜன்னலைத் திறந்துட்டு, வெளிய வந்து கேஸ் கசிவுக்கான 1906 நம்பருக்குக் கூப்பிடச் சொல்லுங்க.

ஆனா ஒரு விஷயம் எனக்கு உறுத்துது. கரி வைக்காதீங்கன்னு சொல்றது சுலபம், ஷீட் போட்ட லைன் வீட்டுல ஒரு போர்வையில நாலு பேரு படுக்குறவங்க குளிருக்கு என்ன பண்ணுவாங்க? காப்பிப் பழம் பறிக்கிற சீசன் வேற, காலையில பனியில நனைஞ்சு நாள் பூரா நின்னுட்டு வர்றவங்க. அதனால இந்த வருஷம் கேரல் காசுல ஒரு பங்கை கம்பளிக்கு ஒதுக்குங்க. அன்பியத்துல, அதான் பங்குல அக்கம்பக்கத்து குடும்பங்க சேர்ந்து கூடுற ஜெபக் குழுவுல, கேட்டா எந்த வீட்டுல கைக்குழந்தை, எந்த வீட்டுல வயசானவங்கன்னு லிஸ்ட் குடுப்பாங்க. சேலத்துல மொத்தமா எடுத்தா விலையும் குறையும். சுடுதண்ணிய பாட்டில்ல ஊத்தி துணி சுத்தி கால்மாட்டுல வைக்கிறதையும் காட்டிக் குடுங்க. கணப்பு வாசல்ல இருக்கட்டும், சுத்தி உக்காந்து கதை பேசட்டும், படுக்கப் போகும்போது சட்டி வெளியவே இருக்கணும்.

பெரியவங்ககிட்ட இதெல்லாம் பேச கூச்சமா இருந்தா என்னைக் கூட்டிட்டுப் போங்க. வேலை முடிஞ்சு ஏழு மணிக்கு மேல எந்த நாளும் வர்றேன், பாப்பா கதையை நானே சொல்றேன்.

அன்போட,
உங்க ஊரு அக்கா ஒருத்தி
ஏற்காடு