அந்த 2.2 ஓம் ரெசிஸ்டரைப் போட்டுக் கேள்

தருமபுரி

அன்புள்ள நண்பா,

கடிதம் கிடைத்தது. காவேரிப்பட்டணம் பக்கம் மாங்காய் இறங்க ஆரம்பித்துவிட்டது என்று எழுதியிருந்தாய். இங்கே வெயில் இன்னும் குறையவில்லை, மற்றபடி எல்லோரும் சுகம். நீ எழுதியதில் முக்கால்வாசி டிரான்சிஸ்டருக்குப் பதில் கண்ணாடிக் குழாய் வால்வு போட்ட அந்த ஆம்ப்ளிஃபையரைப் பற்றித்தான், அதனால் நேரே அதற்கே வருகிறேன்.

இஎல்84 வால்வு ஜோடி போட்ட பழைய செட்டில் நாகஸ்வரம் நிறைவாக வருகிறது, தவில் கனமாக விழுகிறது, டிரான்சிஸ்டர் செட்டில் எல்லாம் வறட்சியாக இருக்கிறது என்கிறாய். உன் காதில் விழுந்தது நிஜம்தான். ஆனால் வால்வுதான் காரணம் என்று அதற்குள் முடிவு கட்டாதே. சத்தத்தின் அளவைச் சமன் செய்தாயா? அரை டெசிபல் கூடுதலாக ஒலித்தாலே போதும், காது அதை ‘சத்தம் அதிகம்’ என்று சொல்லாது, ‘நல்லா இருக்கு’ என்றுதான் சொல்லும். வால்யூம் குமிழைப் பார்த்து இதைச் சமன் செய்ய முடியாது. போனில் 400 ஹெர்ட்ஸ் டோன் ஓட்டி, ஸ்பீக்கர் மாட்டியபடியே அதன் முனைகளில் மீட்டரை ஏசி வோல்ட்டில் வை. ஒரு செட்டில் 2.00 வந்தால் மற்றதிலும் 2.00 வர வேண்டும். 2.02 வரை விடலாம், அது 0.1 டெசிபல்தான். 1000 ஹெர்ட்ஸ் வேண்டாம். விலை குறைந்த மீட்டர்கள் பலவும் அந்த அலைவரிசையில் சரியாகக் காட்டுவதில்லை.

இதைவிடப் பெரிய விஷயம் அவுட்புட் இம்பீடன்ஸ், அதாவது ஸ்பீக்கர் பக்கமிருந்து பார்த்தால் ஆம்ப்ளிஃபையருக்குள் தெரியும் உள்தடை. 8 ஓம் ஸ்பீக்கர் எல்லா சுருதியிலும் 8 ஓமாக நிற்பதில்லை. ஓரிடத்தில் 6.5 ஓமுக்கு இறங்கும், ஸ்பீக்கரின் கோன் தானாகவே அதிரும் கீழ்ச் சுருதியில் (பேஸ் ரெசொனன்ஸ்) 30 ஓமுக்கும் ஏறும். டிரான்சிஸ்டர் செட்டின் உள்தடை 0.05 ஓம் அளவுக்குத்தான் இருக்கும், ஆகவே ஸ்பீக்கர் ஏறினாலும் இறங்கினாலும் வோல்டேஜ் அசையாது. ஃபீட்பேக் (அவுட்புட்டில் ஒரு பங்கைத் திருத்தத்துக்காக முன்பகுதிக்குத் திருப்பி விடுவது) குறைவாக உள்ள வால்வு செட்டில் 2 ஓம் சாதாரணம். கணக்குப் போட்டுப் பார்: 30 ஓம் உள்ள இடத்தில் 0.6 டெசிபல் குறையும், 6.5 ஓம் உள்ள இடத்தில் 2.3 டெசிபல் குறையும். அப்படியென்றால் பேஸ் 1.7 டெசிபல் தூக்கலாக நிற்கும். அதோடு கோனைப் பிடித்து நிறுத்தும் பிடியும் தளரும், அதனால் தவிலின் தொப்பியில் கோல் விழும் ‘தொம்’ சற்று நீண்டு ஒலிக்கும். நீ கனம் என்று சொல்வதில் பெரும்பங்கு இதுதான் என்பது என் எண்ணம்.

சோதித்துவிடலாம். 8.2 ஓம், 10 வாட் சிமென்ட் ரெசிஸ்டர் இரண்டு எடு. ஸ்பீக்கருக்குப் பதில் ஒன்றை மாட்டி 400 ஹெர்ட்ஸில் 2.00 வோல்ட் வரும்படி வால்யூமை வை. குமிழைத் தொடாமல், வால்வு செட்டை அணைத்து, இரண்டையும் சீரிஸில் (ஒன்றன்பின் ஒன்றாக) மாட்டி மறுபடி அள. 2.22 வந்தால் வோல்டேஜ் 0.22 கூடியிருக்கிறது, கரண்ட் 0.244இலிருந்து 0.135 ஆம்பியருக்கு இறங்கியிருக்கிறது. வோல்டேஜ் கூடிய 0.22ஐக் கரண்ட் குறைந்த 0.109ஆல் வகுத்தால் உள்தடை 2 ஓம். டிரான்சிஸ்டரில் மீட்டர் ஏறக்குறைய 2.00இலேயே நிற்கும். வால்விலும் அப்படியே நின்றால் அவுட்புட்டிலிருந்து முதல் வால்வின் கேத்தோடுக்கு (எலக்ட்ரான் கிளம்பும் முனை) ஃபீட்பேக் தாராளமாகத் திரும்புகிறது என்று அர்த்தம்.

2 ஓம் வந்தால் டிரான்சிஸ்டர் செட்டின் ஸ்பீக்கர் வயரில் 2.2 ஓம், 10 வாட் ஒன்றைச் சீரிஸில் சேர்த்து, சத்தத்தை மறுபடி சமன் செய்து கேள். வீட்டில் யாரையாவது உனக்குத் தெரியாமல் மாற்றச் சொல். 10 தடவையில் 9 சரியாகச் சொன்னால் நம்பலாம். 6, 7 எல்லாம் குருட்டாம்போக்கிலேயே வரும். 1985இல் பாப் கார்வர் என்ற அமெரிக்க ஆம்ப்ளிஃபையர் வடிவமைப்பாளர் தன் டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபையரை ஒரு விலை உயர்ந்த வால்வு ஆம்ப்ளிஃபையரைப் போலவே ஒலிக்கத் திருத்தி, ஸ்டீரியோஃபைல் என்ற ஒலிக்கருவி இதழ்க்காரர்கள் பிரித்தறிய முடியாமல் செய்தார்.

இப்படி மாற்றி மாற்றிக் கேட்கும்போது வால்வு செட்டை லோடு (ஸ்பீக்கரோ ரெசிஸ்டரோ) இல்லாமல் விடவே கூடாது. ஸ்பீக்கரைக் கழற்றும் முன் 8.2 ஓமை மாட்டிவிடு. வெறுமனே ஓடினால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில் வோல்டேஜ் எகிறி உள்ளேயே பொறி பாயும். டிரான்சிஸ்டருக்கு இதற்கு நேர்மாறு: திறந்து கிடந்தால் ஒன்றும் ஆகாது, ஸ்பீக்கர் வயர் இரண்டும் ஒட்டினால் போச்சு.

இனி அந்த வறட்சி. 2என்3055 பவர் டிரான்சிஸ்டர் போட்ட செட் என்றாய். அதன் எமிட்டர் காலில் உள்ள 0.22 ஓம் ரெசிஸ்டரின்மேல் மீட்டரை 200 மில்லிவோல்ட்டில் வைத்துப் பார். பாட்டு ஏதும் ஓடாதபோது 11 மில்லிவோல்ட் வந்தால் 50 மில்லி ஆம்பியர் ஓடுகிறது. பூஜ்யத்தை ஒட்டி இருந்தால் குறை அங்கேதான் இருக்கிறது. ஒரு டிரான்சிஸ்டர் விட்டு மற்றது பிடிக்கும் இடத்தில் சின்ன இடைவெளி விழும். சத்தம் கூட இருக்கும்போது அது மறைந்துவிடும். ராத்திரி மெதுவாக வைத்துக் கூத்துப் பதிவைக் கேட்கும்போது, இழுத்துப் பிடித்த ஹார்மோனிய ஸ்வரத்தில் மணல் உரசுவது போலத் தெரியும். அந்தச் சும்மா ஓடும் கரண்டை வைக்கும் சின்னத் திருகுக் குமிழான ப்ரீசெட்டை மெல்லத் திருப்பி ஏற்று. பழைய ப்ரீசெட் என்றால் முதலில் புதிது போடு, ஏனென்றால் தேய்ந்த முனை விட்டுப்போனால் சில சர்க்யூட்டுகளில் கரண்ட் எகிறிவிடும். 15 நிமிடம் சூடானபின் மறுபடி பார். டிகிரிக்கு 2 மில்லிவோல்ட் வீதம் டிரான்சிஸ்டரின் பேஸ்-எமிட்டர் வோல்டேஜ் இறங்குவதால் சூடு ஏறினால் கரண்ட் ஏறும். அந்தக் கரண்டைக் கட்டுப்படுத்தும் பயஸ் டிரான்சிஸ்டர், சூடு இறக்கும் ஹீட்சிங்கை ஒட்டி உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் இதை விட்டுவிட்டால் ஜோடியே வெந்துபோகும்.

வால்வுக்கு உண்மையிலேயே ஒரு பெருமை உண்டு, அதை மறுக்க மாட்டேன். அளவு மீறிப் போகும்போது குறைந்த ஃபீட்பேக் உள்ள வால்வு செட் அலையின் முனையை மெல்ல உருட்டும், டிரான்சிஸ்டர் கத்தியால் வெட்டியது போல் வெட்டும். அந்த வெட்டில் பிறக்கும், மூல சுருதியின் மடங்குகளான உயர் ஹார்மோனிக்குகள்தான் காதைக் குத்துகின்றன. அதனால் 10 வாட் வால்வை இன்னும் கொஞ்சம் முடுக்கலாம் போலத் தோன்றும்.

ஆனால் அதை இயக்கும் முன், ஒரு வால்விலிருந்து அடுத்ததற்கு ஒலியை மட்டும் விட்டு டிசியைத் தடுக்கும் கப்ளிங் கண்டன்சரைப் பார். பழைய பேப்பர் கண்டன்சர் கசிந்தால் வால்வின் கரண்டைக் கட்டுப்படுத்தும் கிரிட்டுக்கு பாசிட்டிவ் ஏறி, எலக்ட்ரான் போய் விழும் பிளேட் சிவந்து, டிரான்ஸ்ஃபார்மரையும் சேர்த்து எரிக்கும். இஎல்84ஐக் கழற்றி வைத்துவிட்டு கிரிட் முனையில் டிசி அள. அங்கே பூஜ்யம்தான் வர வேண்டும். அரை வோல்ட் வந்தாலும் 630 வோல்ட் பாலியெஸ்டர் போட்டு மாற்று. கேத்தோடு ரெசிஸ்டர் 270 ஓம் என்றால் அதன்மேல் 10 வோல்ட் போதும். அது 37 மில்லி ஆம்பியர், 300 வோல்ட்டில் 11 வாட். இஎல்84 பிளேட்டின் எல்லை 12 வாட். உள்ளே கை வைக்கும் முன் பிளக்கைப் பிடுங்கி, மெயின் கண்டன்சரில் வோல்டேஜ் முழுதும் இறங்கிவிட்டதை மீட்டரில் பார்த்த பிறகுதான் தொட வேண்டும்.

உங்கள் ஊர்ப் பக்கம் மோட்டார் ஓடும் நேரத்தில் லைன் 230 வோல்ட்டிலிருந்து 190க்கு இறங்கினால் 6.3 வோல்ட் ஹீட்டருக்கு 5.2தான் கிடைக்கும். அப்போது வால்வு மங்கித்தான் ஒலிக்கும். ஸ்டெபிலைசர் இல்லாமல் ஒப்பிடாதே.

பெங்களூரு போகும்போது எலக்ட்ரானிக் சாமான் கடைகள் உள்ள எஸ்.பி. ரோட்டில் 8.2 ஓம் இரண்டு, 2.2 ஓம் இரண்டு, 0.1 மைக்ரோ ஃபாரட் 630 வோல்ட் கண்டன்சர் நான்கு வாங்கிக்கொள். பழைய பி.இ.எல். (பாரத் எலக்ட்ரானிக்ஸ்) இஎல்84 கண்ணில் பட்டாலும் இப்போது வாங்காதே, கேத்தோடு வோல்டேஜ் பார்த்த பிறகு பேசுவோம். இரண்டு செட்டிலும் 8.2, 16.4 ஓமில் வந்த அளவுகளையும், அந்த 0.22 ஓமின்மேல் வந்த மில்லிவோல்ட்டையும் எழுதி அனுப்பு.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி