உன்ற திருவாதிரைக்கு இப்போதைக்கு ஒண்ணும் ஆகாது

காங்கேயம் பக்கம், தோட்டத்துல இருந்து
தை 6

மாப்ளே பழனிச்சாமிக்கு,

ஆறுமுகம் எழுதறது. நோம்பி நல்லபடியா முடிஞ்சுது. பட்டிப்பொங்கலன்னைக்கு ஒறம்பரை இருவது பேர், உன்ற தங்கச்சிக்கு அடுப்படிய விட்டு நகர நேரமில்ல. என்ற முழங்கால் அப்படியேதான் இருக்குது. தென்னையில வெள்ளை ஈ இன்னும் போகல. கெணத்துத் தண்ணி பங்குனி வரைக்கும் தாக்குப்பிடிக்கும். ஊர்ச் சமாச்சாரம் அவ்வளவுதான்.

இனி உன்ற சமாச்சாரம். போன வாரம் போன்ல, "திருவாதிரை வெடிக்கப் போகுதாமே, அது என்ற நட்சத்திரமாச்சே, எனக்கு ஏதாச்சும் ஆகுமா"ன்னு கேட்டே. நான் அரைமணி நேரம் தொண்டைத்தண்ணி வத்தக் கத்துனேன். கடைசியில நீ, "சரி சரி, முருங்கைக்காய் நாலு கட்டு அனுப்பு"ன்னு போனை வெச்சுட்டே. உனக்குக் காது மந்தமானதுல இருந்து இதே பொழப்பாப் போச்சு. அதுதான் காகிதத்துல எழுதறேன். காய் தனியா பார்சல்ல வருது.

முதல்ல பயத்தைத் தீத்துக்கோ. திருவாதிரை வெடிக்கும், அதுல சந்தேகமில்ல. ஆனா அது எப்பன்னா, ஒரு லட்சம் வருசத்துக்குள்ள எப்ப வேணாலும். நீ பார்த்த வீடியோக்காரன் அந்த "ஒரு லட்சம்"கறதை முழுங்கிப்போட்டான். அது இருக்கற தூரம் 500ல இருந்து 700 ஒளியாண்டு (வெளிச்சம் ஒரு வருசத்துல போற தூரம்தான் ஒரு ஒளியாண்டு). ஒரு நட்சத்திரம் வெடிச்சு நமக்குக் கெடுதல் வரணும்னா ஒரு 50 ஒளியாண்டுக்குள்ளயாவது இருக்கணும்கறாங்க. இது வெடிச்சா கொஞ்ச மாசத்துக்கு அரைநிலா வெளிச்சத்துல பகல்லயும் தெரியும். பேரூர்ல ஆருத்ரா தரிசனத்துக்கு வர்ற கூட்டம் அண்ணாந்து பார்த்துட்டு நிக்கும். வேற ஒண்ணுமில்ல.

2019 கடைசியில அது மங்கிப் போச்சே, ஞாபகமிருக்கா? 2020 பிப்ரவரியில வழக்கமான வெளிச்சத்துல பாதிக்கும் கீழ எறங்கிருச்சு. அப்பவும் நீ இப்படித்தான் பதறுனே. அது தன் மேல்தோல்ல இருந்து ஒரு வாயுக் கட்டியக் கக்கி, அது ஆறித் தூசியா உறைஞ்சு நம்ம பார்வையை மறைச்சிருக்குது. சில மாசத்துல பழையபடி ஆயிருச்சு. கெழவன் இருமுனதுக்குச் சங்கு ஊதுன கதைதான்.

நேத்து ராத்திரி சாப்பிட்டுப்போட்டு கயித்துக்கட்டிலை களத்துமேட்டுக்கு இழுத்துட்டுப் போனேன். ரோட்டோரம் புதுசா ஒரு எல்இடி லைட்டு போட்டு என்ற கெழக்கு வானத்துல பாதிய கெடுத்துப்போட்டாங்க. மனு கொடுத்து ஏழு மாசமாச்சு. தாராபுரம் பக்கத்துல கரண்டு எடுக்கற காத்தாடிகளோட செவப்பு லைட்டு வேற. அதையெல்லாம் கையால மறைச்சுட்டு மேல பார்த்தா, நம்ம மூணு பேரு நட்சத்திரமும் ஒரே இடத்துல நிக்குது. என்ற கார்த்திகை உச்சியில. அதுக்குக் கெழக்கால உன்ற தங்கச்சியோட ரோகிணி. இன்னும் கெழக்கால, வரிசையா நிக்கற மூணு விண்மீனுக்கு மேல, உன்ற திருவாதிரை. அந்த ஒரு துண்டு வானத்துல பச்சைப் பிள்ளையில இருந்து செத்துப்போன பொணம் வரைக்கும் அத்தனை வயசும் கெடக்குது. நட்சத்திரத்தோட ஆயுசைப் பார்க்க நாம கோடி வருசம் காத்திருக்க வேண்டியதில்ல. கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்குப் போறவன் ஒரு கன்னு கெழடாகற வரைக்கும் அங்கயே உக்கார்ந்தா இருப்பான்? சுத்திப் பார்த்தாப் போதும்.

நம்ம காங்கேயம் கன்னு செவலையாப் பொறந்து, ஆறு மாசத்துல சாம்பல் நிறத்துக்கு மாறும். நட்சத்திரம் அதுக்கு நேர் எதிரு. வயசானாச் செவக்கும்.

இதை நான் பொஸ்தகத்துல படிக்கறதுக்கு முன்னாடியே பவுண்டரியில பார்த்துட்டேன். கோயமுத்தூர்ல நான் சேந்த புதுசுல, இரும்பு உருக்கற கூப்போலா உலையில வெப்பம் பாக்கற கருவியெல்லாம் கெடையாது. மேஸ்திரி நீலக் கண்ணாடிய கண்ணுல வெச்சு, காத்து ஊதற ஓட்டை வழியா ஒரு பார்வை பார்ப்பார். செவப்புன்னா, "இன்னும் கோக் கரி போடு". ஆரஞ்சுல இருந்து மஞ்சளுக்குத் திரும்பி வெள்ளை தட்டுச்சுன்னா, "தொறடா". 1,400 டிகிரிய கண்ணுலயே சொல்லுவார், இருவது முப்பது முன்னப்பின்ன இருக்கும். நட்சத்திரத்துக்கும் அதே கணக்குதான். திருவாதிரையோட மேல்தோல் சுமார் 3,300 டிகிரி, அதனால செவப்பு. சூரியன் 5,500. திருவாதிரைக்கு எதிர் மூலையில, மூணு மீனுக்குக் கீழ, நீல வெள்ளையா மின்னுதே ரைகல், அது 12,000த்துக்குப் பக்கம்.

பொறப்பை எங்க பாக்கறதுன்னா, அந்த மூணு மீனுக்குக் கீழ, வாள் தொங்கறாப்பல மங்கலா ஒரு கோடு இருக்கும் பாரு. பேரன் விட்டுட்டுப் போன பைனாகுலரை வெச்சுப் பார்த்தேன். நடுவுல, ஈரத்துணியில பால் சிந்துனாட்ட ஒரு திட்டு. 1,350 ஒளியாண்டு தள்ளி இருக்கற வாயு மேகம் அது. அதுக்குள்ள நட்சத்திரங்கள் இப்பவும் பொறந்துட்டிருக்குது. அப்படிப்பட்ட மேகத்தோட குளுந்த மூலையில சூடு பூஜ்ஜியத்துக்குக் கீழ 260 டிகிரி. அந்தக் குளுருலதான் வாயு தன் எடையிலயே ஒண்ணுகூடி அமுங்க முடியும். அமுங்க அமுங்கச் சூடு ஏறும், சைக்கிள் பம்பு அடிச்சா அடிப்பாகம் சுடுமே, அப்படி. நடுவுல ஒரு கோடி டிகிரிக்கு மேல ஏறுனா ஹைட்ரஜன் ஒண்ணோடொண்ணு சேந்து ஹீலியம் ஆக ஆரம்பிக்கும். சூரியன் அளவு நட்சத்திரம் அந்த நெலைக்கு வந்து நெதானமாகறதுக்கே சுமார் 5 கோடி வருசம்.

என்ற கார்த்திகைக்கு வயசு 10 கோடி வருசம்தான் ஆகுது. பூமியில டைனோசார் மேஞ்சிட்டிருந்த காலத்துல பொறந்த கூட்டம். கண்ணுக்கு ஆறு, பைனாகுலர்ல பல பத்து, மொத்தம் ஆயிரத்துக்கும் மேல. பெரிசுக எல்லாம் இன்னும் நீலமாவே இருக்குது. நீலம் உசுரோட இருந்தா அந்தக் கூட்டத்துக்கு வயசாகலைன்னு அர்த்தம். ஏன்னா நீல நட்சத்திரம் ஊதாரி, சீக்கிரம் தீந்துபோகும்.

உன்ற திருவாதிரையும் அந்த ஊதாரி வம்சம்தான் மாப்ளே, கோவிச்சுக்காதே. சூரியனை மாதிரி 15, 20 மடங்கு எடை. ஆனா எரிக்கறது கிட்டத்தட்ட லட்சம் மடங்கு. ஒரு கோடி வருசத்துல முடிவுக்கு வந்து நிக்குது. சூரியன் 460 கோடி வருசமா எரிஞ்சும் இன்னும் 500 கோடிக்கு இருப்பு வெச்சிருக்குது. சிக்கனம்னா அப்படி ஒரு சிக்கனம். மார்கழி விடியக்காலம் எருக்குழியக் கெளறுனா ஆவி பறக்குமே, அந்த எரு ஒரு கனமீட்டர் எவ்வளவு சூடு உண்டாக்குமோ, சூரியனோட நட்டநடுவுல ஒரு கனமீட்டரும் கிட்டத்தட்ட அவ்வளவுதான் உண்டாக்குது. 300 வாட்டுக்குக் கொஞ்சம் கம்மி. மூணு பழைய குண்டு பல்பு! நான் இதை முதல்ல நம்பல, காகிதத்துல போட்டுப் பார்த்துத்தான் நம்புனேன். எருக்குழி பெருசு, அவ்வளவுதான் விசயம். நடுவுல உண்டான சூடு வெளிய வர பல்லாயிரம் வருசம் முட்டி மோதணும், அதனாலதான் உள்ள ஒன்றரைக் கோடி டிகிரி. ஒவ்வொரு விநாடியும் 60 கோடி டன் ஹைட்ரஜன் ஹீலியமாகுது, அதுல 40 லட்சம் டன் வெளிச்சமாவே போயிருது.

இது வெடிக்காம, அணையாம எப்படி ஓடுதுன்னா, நம்ம பழைய ஆயில் என்ஜின்ல வேகத்தைத் தானாக் கட்டுப்படுத்தற கவர்னர் இருந்துதே, அதேதான். உள்ள கொஞ்சம் அதிகமா எரிஞ்சா வீங்கும், வீங்குனா ஆறும், ஆறுனா எரியறது கொறையும். கொறைஞ்சா எடை அமுக்கும், மறுபடி சூடேறும்.

நடுவுல ஹைட்ரஜன் தீந்தா இந்தக் கணக்கு கெட்டுப்போகும். நடுப்பாகம் சுருங்கிச் சூடேறி, அதைச் சுத்தி இருக்கற அடுக்கு எரிய ஆரம்பிக்கும். மேல்பாகம் ஊதிப் பெருத்து, ஆறி, செவந்துபோகும். ரோகிணி அந்த நெலையிலதான் இருக்குது. எடை சூரியனைவிடக் கொஞ்சம்தான் கூட, ஆனா அகலம் 44 மடங்கு. நம்ம சூரியனோட வயசான காலத்து முகம் அது. தூரம் 65 ஒளியாண்டு. உன்ற தங்கச்சிக்கு இந்த வருசம் 65. "நீ பொறந்தன்னைக்குக் கெளம்புன வெளிச்சம்டி, இப்பத்தான் வந்து சேந்திருக்குது"ன்னு காட்டுனேன். சித்த நேரம் பார்த்துட்டு, "அப்ப எனக்கு வந்த சீருதான். உங்க வீட்டுலதான் ஒண்ணும் போடல"ன்னுட்டு உள்ள போயிட்டா.

சூரியன் மாதிரி நட்சத்திரம் வெடிக்காது. மேல்பாகத்தை மெதுவா ஊதித் தள்ளிட்டு, உள்ள இருக்கற கரியும் (கார்பன்) ஆக்சிஜனும் பூமி அளவு உருண்டையா மிஞ்சும். தென்கெழக்குல எல்லாத்தையும்விட பிரகாசமா இருக்கற சிரியஸுக்குத் துணையா அப்படி ஒண்ணு சுத்துது, வெள்ளைக் குள்ளன்பாங்க. பூமி அளவுல சூரியனோட எடை. ஒரு டீஸ்பூன் அள்ளுனா பத்து டன் தேறும். இது எவ்வளவு எடை வரைக்கும் தாங்கும்னு கணக்குப் போட்டது நம்ம மெட்ராஸ் பிரசிடென்சி காலேஜ்ல படிச்ச சந்திரசேகர்தான். 1930ல, 19 வயசுல, இங்கிலாந்துக்குக் கப்பல்ல போகையில ஆரம்பிச்சது. சூரியனைப்போல 1.4 மடங்கு. அதுக்கு மேல போனா தாங்காது. 1935ல லண்டன்ல சபை கூடியிருக்கையில எடிங்டன்கற பெரிய மனுசன் அதைக் கேலி பண்ணிப்போட்டார். நோபல் வந்தது 1983ல. லேடில் (இரும்புக் கொழம்பை ஏந்தற வாளி) ஈரமா இருக்குது, உருகுன இரும்பை ஊத்துனா தெறிக்கும்னு நான் சொன்னதை எங்க சூப்பர்வைசர் கேக்காம, என்ற பாதத்துல தழும்பு வாங்குன கதை உனக்குத் தெரியும். எனக்கு யாரும் பரிசு குடுக்கல.

இப்ப இரும்புக்கு வர்றேன். இதுக்காகத்தான் இவ்வளவு நீளமா எழுதுனேன்.

திருவாதிரை மாதிரி கனமானது ஹீலியத்தோட நிக்காது. அதுல உண்டாகற கரியை எரிக்கும், அப்புறம் நியான், ஆக்சிஜன், சிலிக்கான். ஒவ்வொண்ணுலயும் கெடைக்கறது கம்மி, தீர்றது வேகம். சூரியனைப்போல 25 மடங்கு எடைக்குப் போட்ட கணக்கு ஒண்ணு இருக்குது: ஹைட்ரஜன் 70 லட்சம் வருசம், ஹீலியம் 7 லட்சம், கரி 600 வருசம், நியான் ஒரு வருசம், ஆக்சிஜன் ஆறு மாசம், சிலிக்கான் ஒரே ஒரு நாள். அந்த ஒரு நாள்ல நடுவுல சேர்றது இரும்பு. அங்க முடிஞ்சுது. இரும்பைச் சேத்தாலும் ஒடச்சாலும் சூடு கெடைக்காது, கையில இருக்கற சூடுதான் செலவாகும். சாம்பல் சேந்த அடுப்பு மாதிரி. அந்த இரும்பு உருண்டை சந்திரசேகர் சொன்ன அதே 1.4 கிட்ட வந்ததும், பூமி அளவுல இருந்தது ஒரு விநாடிக்குள்ள ஒரு ஊர் அளவுக்கு உள்வாங்கிரும். அதுல கெளம்பற அதிர்ச்சியிலதான் மேல இருக்கறதெல்லாம் வெடிச்சுச் சிதறுது.

முப்பத்தாறு வருசம் அந்த இரும்புல சோறு தின்னவன் நான். எத்தனை பம்பு செட்டுக்கு ஊத்தியிருப்பேன். ஒரு நாளும் இது எந்த அடுப்போட சாம்பல்னு நெனச்சதில்ல. பூமியில இருக்கற இரும்பெல்லாம் சூரியன் பொறக்கறதுக்கு முன்னாடி வெடிச்ச நட்சத்திரங்களோடது. நொய்யல் கரையில நம்ம கொடுமணல்ல ரெண்டாயிரம் வருசத்துக்கு முன்னாடியே உலை வெச்சு இரும்பு உருக்குனாங்களே, அவங்க அள்ளுனதும் அதேதான்.

பொணத்தைக் காட்டறேன்னு சொன்னனே. ரோகிணிக்கு மேல ரெண்டு கொம்பு நட்சத்திரம் இருக்கும், அதுல தெக்குக் கொம்பு நுனிகிட்ட. 1054ல, இங்க சோழர் ஆண்ட காலத்துல, ஒரு நட்சத்திரம் அங்க வெடிச்சதை சீனாக்காரங்க பகல்லயே 23 நாள் பார்த்து எழுதி வெச்சாங்க. இப்ப சிதறுன புகையும், நடுவுல விநாடிக்கு 30 தடவை சுத்தற ஒரு உருண்டையும்தான் மிச்சம். என்ற பைனாகுலருக்கு அது எட்டல. அந்த மாதிரி உருண்டைகளோட துடிப்பைப் பிடிக்கற ஆன்டெனா ஊட்டி முத்தொரையில இருக்குது, 1970ல கட்டுனது, 530 மீட்டர் நீளம். மலைச்சரிவு 11 டிகிரி, ஊட்டியோட அட்சரேகையும் 11, அதனால சரிவுமேலயே வெச்சு பூமியோட சுத்துக்குச் சரியாத் திருப்பறாங்க. புள்ளைகளைக் கூட்டிட்டு ஊட்டிக்குப் போனப்ப அதைப் பார்த்துட்டு பந்தல்னு நெனச்சேன்.

உன்ற மகன் வீட்டு ஒன்பதாவது மாடியில இருந்து இதுல எதுவும் தெரியாது. மாசி முடியறதுக்குள்ள வா. அப்புறம் இவங்கெல்லாம் பொழுதோடவே மேக்கால எறங்கிருவாங்க. பட்டிப்பொங்கலுக்கு மொத நாள் கட்டுத்தரையில கெடாரி ஒண்ணு பொறந்திருக்குது, நல்ல செவலை. உன்ற தங்கச்சி அதுக்கு ஆதிரைன்னு பேர் வெச்சிருக்கா. ஆடிக்குள்ள நிறம் மாறிரும்.

உன்ற மச்சான்
ஆறுமுகம்