ஏன் நர்ஸ் ஆகக் கூடாது?

அன்புள்ள பாப்பாவுக்கு,

மருத்துவக் கல்லூரி நேர்முகத் தேர்வுக்கென்று நீ எழுதி அனுப்பிய பதில்களை நேற்று டூட்டி முடிந்து வந்து படித்தேன். 14 கேள்வி, 14 பதில். அப்பா எல்லாவற்றையும் பிரிண்ட் எடுத்து, ஸ்டேபிள் அடித்து, மேசையில் தயாராக வைத்திருந்தார். ஆறாவது பதிலுக்கு மேல் எனக்குப் போகவில்லை.

‘டாக்டராக வேண்டும் என்கிறீர்களே, ஏன் நர்ஸ் ஆகக் கூடாது?’ என்பது கேள்வி. நீ எழுதியிருப்பது: ‘நர்ஸ்கள் டாக்டர் சொல்வதைச் செய்கிறார்கள். நான் முடிவெடுக்கும் இடத்தில் இருக்க விரும்புகிறேன்.’

முதலில் சிரிப்புதான் வந்தது. 26 வருஷமாக நர்ஸாக இருப்பவள் பெற்ற பிள்ளை எழுதுகிற பதிலா இது! அப்பா என் முகத்தைப் பார்த்துவிட்டு, “கோபமா?” என்று கேட்டார். கோபமெல்லாம் இல்லை. கொஞ்சம் சுருக்கென்றது, அவ்வளவுதான். ஆனால் உன் எதிரில் உட்கார்ந்து மார்க் போடுபவரே ஒரு நர்ஸாக இருக்கலாம். பல கல்லூரிகளில் டாக்டர்களோடு மற்ற மருத்துவப் பணியாளர்கள், மாணவர்கள், ஏன், மருத்துவத்துக்குச் சம்பந்தமே இல்லாத பொதுமக்களைக்கூட உட்கார வைக்கிறார்கள். அவர்களுக்காகப் பதிலை மாற்று என்று சொல்லவில்லை. அந்தப் பதில் உண்மையில்லை, அதனால் மாற்று.

உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். நீ இரண்டாம் வகுப்பு படித்த சமயம். எனக்கு நைட் டூட்டி. வயதானவர் ஒருவர் ராத்திரியானால் குழம்பிப்போய்க் கட்டிலிலிருந்து இறங்கிவிடுவார். அவரை அமைதிப்படுத்த ஒரு ஊசி எழுதியிருந்தது. கேஸ் ஷீட்டில் 5 மில்லிகிராம் என்றுதான் என் கண்ணுக்குப் பட்டது. மருந்தை எடுத்துவிட்டேன். ஆனால் அந்த வயதுக்கு, அந்த உடம்புக்கு 5 அதிகமாயிற்றே என்று உறுத்தியது. ஷீட்டை விளக்குக்கு அடியில் கொண்டுபோய்ப் பார்த்தேன். 5-க்கு முன்னால், கோட்டின் மேலேயே, மை பட்டதுபோல ஒரு புள்ளி. புள்ளியா, அழுக்கா? டூட்டி டாக்டரை எழுப்பினேன். மணி இரண்டரை இருக்கும். சின்னப் பையன், சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து பார்த்தவன் முகம் வெளுத்துவிட்டது. “அரைதான் சிஸ்டர். முன்னால் பூஜ்யம் போடாமல் விட்டுவிட்டேன். தப்பு என்னுடையது” என்றான். பழையதை அடித்துவிட்டு 0.5 என்று பெரிதாக எழுதிக் கையெழுத்துப் போட்டான். அப்புறம் அந்தப் பெரியவர் தூங்கும்வரை ஸ்டூலை இழுத்துப் போட்டு அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான்.

அந்த ராத்திரி முடிவெடுத்தது யார்? நீயே சொல்.

படுத்த படுக்கையாக இருப்பவருக்கு முதுகில் புண் வராமல் எத்தனை மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைப்பது, மூச்சு வாங்குவது நேற்றைவிட இன்று கூடியிருக்கிறதா, டாக்டரை இப்போதே கூப்பிடுவதா, பத்து நிமிஷம் பொறுத்துப் பார்ப்பதா என்று எங்களுக்கும் நாள் முழுக்க முடிவுகள்தான். டாக்டருடைய முடிவுகள் வேறு வகை. என்ன நோய் என்று கண்டுபிடிப்பது, என்ன சிகிச்சை என்று தீர்மானிப்பது, தவறிப்போனால் அதற்குப் பொறுப்பேற்பது. உன்னை இழுப்பது அதுதான் என்றால் அதைச் சொல். பள்ளி நாட்களிலிருந்தே நீ ‘ஏன் அப்படி ஆச்சு’ என்று கேட்டு என் பிராணனை வாங்குகிறவள். என் கண்ணுக்குத் தெரிந்த காரணம் அதுதான். ‘மக்களுக்குச் சேவை’ என்று முதல் பதிலில் எழுதியிருக்கிறாயே, அன்றைக்கு வருகிற அத்தனை பேரும் அதைத்தான் சொல்வார்கள்.

பத்தாவது கேள்வி, நீ செய்த தவறு. ‘எல்லாவற்றையும் கச்சிதமாகச் செய்யப் பார்ப்பதுதான் என் குறை’ என்று எழுதியிருக்கிறாய். பாப்பா, உன் அறையை நான் பார்த்தவள்! அதை எடுத்துவிட்டுப் பாட்டியின் மாத்திரைக் கதையைச் சொல். நான் டூட்டிக்குப் போன இரண்டு நாளும் பிரஷர் மாத்திரை கொடுக்க மறந்துவிட்டு, ‘கொடுத்தேன்’ என்று சொன்னாய். பாட்டிக்குத் தலை சுற்றியதும் அன்று ராத்திரியே அழுதுகொண்டு வந்து ஒப்புக்கொண்டாய். மறுநாள் நோட்டில் கட்டம் போட்டு, தேதி எழுதி, கொடுத்ததும் டிக் அடிக்க ஆரம்பித்தாய். நாங்கள் வார்டில் செய்வதும் அதேதான். என்ன நடந்தது, யாரிடம் சொன்னாய், அதற்குப் பிறகு எதை மாற்றினாய் என்ற மூன்றும் அதில் இருக்கிறது. பொய் சொன்ன இடத்தை மட்டும் மழுப்பாதே.

உனக்கு வந்த கடிதத்தில் எட்டு அறை, அறைக்கு எட்டு நிமிஷம், வெளியே கேள்வியைப் படிக்க இரண்டு நிமிஷம் என்று இருந்ததே, அறை அறையாகப் போய்ச் சின்னச் சின்ன நேர்முகத் தேர்வாகப் பேசும் அந்த எம்.எம்.ஐ. முறையைப் பற்றியும் படித்தேன். கனடாவில் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் உருவாக்கி, 2004-இல் கட்டுரையாக வெளியிட்டிருக்கிறார்கள். ஒரே குழு ஒருமுறை பார்த்து மார்க் போட்டால், முதல் ஐந்து நிமிஷத்தில் பிடித்துப்போனவர்களுக்குக் கடைசிவரை சாதகம், பிடிக்காதவர்கள் தொலைந்தார்கள். எட்டுப் பேர் தனித்தனியாகப் பார்த்தால் ஒருவரின் விருப்பு வெறுப்பு மொத்தத்தையும் சாய்த்துவிடாது. இதற்கு மூத்தது, ஸ்காட்லாந்தின் டண்டீயில் ரொனால்ட் ஹார்டன் கொண்டுவந்து 1975-இல் வெளியான ஆஸ்கி தேர்வு. மேசை மேசையாகப் போய்ச் செய்முறைத் திறனைக் காட்ட வேண்டும். நர்ஸிங் மாணவிகளுக்கு நாங்கள் வைப்பதும் அதேதான். மணி அடித்தால் அடுத்த மேசை.

அந்த மேசைக்குப் பின்னால் நான் உட்கார்ந்திருக்கிறேன் என்பதால் இரண்டு விஷயம் சொல்லலாம். முகத்தில் எதையும் காட்டாதீர்கள் என்று எங்களிடம் சொல்லித்தான் உட்கார வைப்பார்கள். அதனால் எதிரில் இருப்பவர் சிரிக்கவில்லை, தலையாட்டவில்லை என்று கலங்காதே. அடுத்தது, போன மேசையில் ஒருத்தி சொதப்பியது எனக்குத் தெரியவே தெரியாது. அவளே அதை முகத்தில் தூக்கிக்கொண்டு வந்தால்தான் தெரியும்.

உன் பன்னிரண்டாவது பதில்தான் எனக்குக் கவலை. தன் அப்பாவுக்குப் புற்றுநோய் என்று அவரிடம் சொல்லாதீர்கள் என ஒரு நோயாளியின் மகன் கெஞ்சுகிறான், நீ என்ன செய்வாய்? 1979-இல் பீச்சமும் சில்ட்ரெஸும் மருத்துவ அறநெறிக்கென்று முன்வைத்த நான்கு கொள்கைகளை வரிசையாக ஒப்பித்திருக்கிறாய்: நோயாளியின் சுயவிருப்பம், நன்மை செய்தல், தீங்கு செய்யாமை, நீதி. சரி, அதெல்லாம் தெரிந்திருக்க வேண்டியதுதான். ஆனால் உன் பதிலில் அந்த மகனிடம் யாருமே பேசவில்லையே! இப்படிப்பட்ட மகன்களை எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். ஏன் பயப்படுகிறாய், சொன்னால் அவர் என்ன ஆவார் என்று நினைக்கிறாய் என்று கேட்டாலே பாதி இறங்கிவிடுவார்கள். அப்புறம் அந்த அப்பாவிடம் போ. அவருக்கு இதுவரை என்ன தெரியும், இன்னும் எவ்வளவு தெரிந்துகொள்ள நினைக்கிறார் என்று அவரையே கேள். தெரிய வேண்டும் என்றால் அது அவருடைய உரிமை. வேண்டாம், மகனிடம் சொல்லுங்கள் என்று அவரே சொன்னால் அதுவும் அவருடைய உரிமைதான். துயரச் செய்தி சொல்வதற்கென்று புற்றுநோய்த் துறையினர் 2000-இல் ஆறு படிகளாக வெளியிட்ட ‘ஸ்பைக்ஸ்’ முறையிலும் இந்த இரண்டு கேள்விகள் செய்தியைச் சொல்வதற்கு முன்னால் வருகின்றன. அதற்கும் முந்தைய முதல் படி, தனியிடம் பார்த்து, உட்கார்ந்து பேசுவது. கட்டிலின் கால்மாட்டில் நின்று, ஃபைலைப் பார்த்தபடியே செய்தியைச் சொல்லிவிட்டுப் போன ஒருவரையும் நான் பார்த்திருக்கிறேன். அவர் போன பிறகு அந்த அம்மா என்னிடம் கேட்டது, “இப்போ என்ன சொன்னார்?”

சில அறைகளில் நடிகர் ஒருவர் இருப்பார். நீ அவர் காரை இடித்துவிட்டாய், போய்ச் சொல் என்கிற மாதிரி. உடனே சமாதானம் சொல்லத் தொடங்காதே. அவர் கத்தி முடிக்கட்டும்.

எழுதியதை மனப்பாடம் செய்வதை இன்றோடு நிறுத்து. தாளை மூடிவிட்டு, கடிகாரத்தை வைத்துக்கொண்டு, வாய்விட்டுப் பேசு. ராத்திரி போன் செய்தால் நான் கேள்வி கேட்கிறேன். அப்பா மணி அடிப்பார், அதற்காகவே ஒரு மணியைத் தேடி எடுத்து வைத்திருக்கிறார். யோசிக்க நேரம் வேண்டுமென்றால் ‘ஒரு நிமிஷம் யோசித்துச் சொல்கிறேன்’ என்று கேள், தப்பே இல்லை. ஏற்கெனவே நேர்முகத் தேர்வு முடித்தவர்களிடம் என்ன கேள்வி வந்தது என்று மட்டும் விசாரிக்காதே. வெளியே சொல்லமாட்டோம் என்று அவர்கள் கையெழுத்துப் போட்டிருப்பார்கள்.

அன்றைக்கு எனக்குக் காலை டூட்டி. போன் லாக்கரில் இருக்கும், இரண்டு மணிக்குத்தான் எடுப்பேன். நீ முடித்ததும் அப்பாவைக் கூப்பிடுவாய் என்று தெரியும். கூப்பிடு. ஆனால் அந்த ஆறாவது கேள்வி வந்ததா, என்ன சொன்னாய் என்பதை மட்டும் அவரிடம் சொல்லாதே. அதை நான்தான் முதலில் கேட்பேன்.

அம்மா