முள்மரம் அரைக்கும் எந்திரத்தின் பற்களையும் மதிப்பீட்டில் சேருங்கள்

கண்மாய்களிலும் வரத்துக்கால்களிலும் சீமைக்கருவேலத்தை அகற்றும் பணிக்கு மதிப்பீடு தயாரித்து ஒப்பந்தம் விடும் நீர்வளத் துறை, ஊரக வளர்ச்சித் துறை, வனத் துறை அலுவலர்களுக்கும் பொறியாளர்களுக்கும்,

வணக்கம்.

மண் அள்ளும் எந்திரங்களுக்கும் அவற்றின் முன்னால் மாட்டும் கருவிகளுக்கும் பழுது பார்க்கும் பட்டறை ஒன்றைச் சிவகங்கை, இராமநாதபுரம் பகுதியில் நடத்துபவன் என்ற முறையில் இம்மடலை எழுதுகிறேன். 2017-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தென்மாவட்டங்களில் சீமைக்கருவேலத்தை அகற்ற உத்தரவிட்டபோது வேலை முழுவதும் ஜேசிபியின் வாளியை நம்பித்தான் நடந்தது. அயல் ஆக்கிரமிப்புத் தாவரங்களுக்கென மாநில அரசு 2022-இல் கொள்கை வகுத்த பிறகு, நின்ற நிலையிலேயே மரத்தை அரைத்துத் தூளாக்கும் மல்ச்சர் எந்திரங்களைப் பற்றியும் பேச்சு எழுந்திருக்கிறது. எனக்கு அதில் மகிழ்ச்சிதான். ஆனால் என் பார்வைக்கு வந்த ஒப்பந்த ஆவணங்களில் எந்திரத்தின் குதிரைத்திறன், பரப்பளவு, முடிக்க வேண்டிய கெடு எல்லாம் இருந்தன. மரத்தைத் தொடும் ஒரே உறுப்பான பல்லைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. பல்லின் வகையையும் பராமரிப்பையும் மதிப்பீட்டில் எழுதி, அதற்கெனத் தனிச் செலவினம் ஒதுக்க வேண்டும் என்பதே என் கோரிக்கை.

மல்ச்சரின் உருளையில் அளவைப் பொறுத்து முப்பது, நாற்பது பற்கள் இருக்கும். அவை பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று, உருக்கு உடலின் முனையில் டங்ஸ்டன் கார்பைடு துண்டைப் பற்றவைத்த மழுங்கல் பல். மற்றொன்று, முழுவதும் கெட்டிப்படுத்திய உருக்கில் செய்து கூர் தீட்டிய கத்திப் பல். முன்னது சம்மட்டியைப் போல மரத்தை இடித்து நார்நாராகக் கிழிக்கும். பின்னது அரிவாளைப் போலச் சீவி எடுக்கும். கத்திப் பல்லுக்குக் குறைந்த திறன் போதும், வேலை வேகமாக நகரும், சில்லு சிறிதாகவும் சீராகவும் விழும். கல்லில் பட்டால் அரை நாளில் அதன் முனை போய்விடும். கார்பைடு பல் மணலையும் சரளையையும் நீண்ட நாள் தாங்கும். ஆனால் அதே வேலைக்கு டீசல் கூடுதலாகச் செலவாகும். கார்பைடு கடினமானதே தவிர நெகிழ்வுடையதன்று என்பதால், புதைந்து கிடக்கும் இரும்புக் கம்பியிலோ ஆழ்துளைக் குழாயின் முனையிலோ மோதினால் முனை துண்டாகத் தெறித்துவிடும்.

உருளையைச் சுழற்ற எந்திரம் அழுத்தத்தோடு அனுப்பும் எண்ணெயின் அளவான ஹைட்ராலிக் ஓட்டமும் இங்கே கணக்கில் வர வேண்டும். நிமிடத்துக்கு 75 லிட்டர் அளவில் எண்ணெய் தரும் சாதாரண சறுக்குத் திருப்ப லோடரில் (ஸ்கிட் ஸ்டீர் எனப்படும் சிறு எந்திரம்) கார்பைடு பற்கள் நிறைந்த உருளையை மாட்டினால், தொடை பருமனுள்ள தண்டிலேயே உருளை திணறி நிற்கும். 110 லிட்டருக்கு மேல் ஓட்டமுள்ள எந்திரத்தில்தான் அந்தப் பற்களுக்கு வேலை செய்ய வழி பிறக்கும். குதிரைத்திறனை மட்டும் கேட்கும் ஒப்பந்தத்தில் இந்த வேறுபாடு தெரியாது.

நம் கண்மாய்களில் ஒரே கண்மாய்க்குள்ளேயே நிலம் மாறுகிறது என்பதை நீங்கள் என்னைவிட நன்கு அறிவீர்கள். உள்வாயில் வண்டலும் களியும், கரையோரத்தில் அலை தடுக்கப் பதித்த கற்களும், மடையையும் உபரிநீர் வழியும் கலுங்கையும் ஒட்டி உடைந்த கட்டுமானமும் கிடக்கும். சிவகங்கைப் பக்கமென்றால் மேட்டில் செம்மண் சரளை. வண்டல் படுகையில் இளமரங்கள் நெருங்கி நிற்கும் இடத்தில் கத்திப் பல்லே பொருத்தம் என்பது என் கருத்து. கரைச் சரிவிலும் சரளை மேட்டிலும் கார்பைடு. கல் பதித்த பகுதியிலும் மடை, கலுங்கின் அருகிலும் எந்தப் பல்லும் வேண்டாம். அங்கே ஆள் வைத்து வெட்டுவதுதான் மலிவு. ஆகவே பணியிடத்தை அளக்கும்போதே நிலத்தின் தன்மையைப் பகுதி பகுதியாகக் குறித்து, எங்கே எந்தப் பல் என்று வரைபடத்தில் காட்டிவிட்டால் ஒப்பந்ததாரருக்கும் விலை போட வசதியாக இருக்கும்.

இனி, இம்மடலை எழுதத் தூண்டிய முதன்மையான சிக்கலுக்கு வருகிறேன். சீமைக்கருவேலம் தரைக்கு மேலே எவ்வளவு நறுக்கினாலும் மீண்டும் துளிர்க்கும். துளிர்விடும் மொட்டுகள் அடித்தண்டில் தரைக்குக் கீழே ஏறத்தாழ ஒரு சாண் ஆழம்வரை, சில மரங்களில் அதற்கும் கீழே, இருக்கின்றன. எனவே ‘தூரோடு அகற்ற வேண்டும்’ என்று ஒப்பந்தத்தில் எழுதுவது முற்றிலும் சரி. ஆனால் தரைக்கு மேலே வேலை செய்ய வடிவமைத்த மல்ச்சரைக் கொண்டே தூரையும் எடுக்கச் சொன்னால், பற்கள் மரத்தை விட்டுவிட்டு மண்ணை அரைக்கத் தொடங்கும். மரத்தைவிட மணல்தான் பல்லைத் தின்னும். பல்லின் செலவு முழுவதும் ஒப்பந்ததாரர் தலையில், கூலியோ பரப்பளவுக் கணக்கில் என்னும்போது அவர் செய்யக்கூடியது ஒன்றுதான்: உருளையை முழங்கால் உயரத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டு போவது. மேலிருந்து பார்க்க நிலம் சுத்தமாகத் தெரியும், அளவுப் புத்தகத்திலும் பதிவாகிவிடும். அடுத்த மழைக்கு ஒவ்வொரு கட்டையிலிருந்தும் பல கிளைகள் கிளம்பும். ஒப்பந்ததாரரின் நேர்மையைக் குறை சொல்ல இதில் எதுவும் இல்லை. கணக்கு அவரை அப்படித்தான் நடத்துகிறது.

வேலையை இரண்டு இனங்களாகப் பிரிப்பதே இதற்கு வழி. தரைமட்டம் வரை மல்ச்சர். அதன்பின் கிட்டாச்சி வாளியாலோ தூர் பிடுங்கும் கொக்கியாலோ அடித்தண்டைப் பெயர்த்தெடுக்கும் தனி இனம். காய் முற்றியிருக்கும் மாதங்களில் மல்ச்சரை இறக்குவதையும் தவிர்க்கலாம். கடினமான உறைக்குள் இருக்கும் விதைகள் எல்லாம் அரைபடுவதில்லை, தப்பியவை சில்லோடு சேர்ந்து பரவலாக விழுந்துவிடும்.

பராமரிப்பைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. பட்டறைக்கு வரும் உருளைகளில் நான் முதலில் பார்ப்பது பல்லின் முனையை அன்று, போல்ட்டின் தலையை. அதைச் சுற்றிச் செங்காவி நிறத்தில் மெல்லிய தூள் படிந்திருந்தால் பல் தன் இருக்கையில் அசைகிறது, உலோகம் உலோகத்தோடு உரசித் துருத்தூளாக உதிர்கிறது என்று பொருள். அந்தப் பல் இன்னும் சில மணி நேரத்தில் போல்ட்டை அறுத்துக்கொண்டு போகும், அல்லது துளையை நீள்வட்டமாக்கி இருக்கையையே கெடுத்துவிடும். இருக்கையை மீண்டும் வெல்டிங் செய்து தளம் சீவுவதற்கு ஆகும் செலவில் பல புதுப் பற்களை வாங்கிவிடலாம். நாள்தோறும் வேலை தொடங்குமுன் எஞ்சினை நிறுத்திச் சாவியை எடுத்துவிட்டு, எல்லாப் பற்களையும் கையால் அசைத்துப் பார்ப்பதும், தயாரிப்பாளர் குறித்த முறுக்குவிசைக்கு டார்க் ரெஞ்சால் முடுக்குவதும், பல் மாற்றும்போது பழைய போல்ட்டையும் பூட்டு நட்டையும் திரும்பப் போடாமல் இருப்பதும் அதிக நேரம் பிடிக்காத வேலைகள்.

அடுத்து முனையின் பின்புறம். மரத்தில் சரியாக வெட்டும் பல் முனையில் தேயும்; முனைக்குப் பின்னால் முதுகுப் பகுதி கண்ணாடிபோல் மினுங்கினால் அந்தப் பல் வெட்டவில்லை, தேய்த்துக்கொண்டு போகிறது. டீசல் கூடுவதும், எண்ணெய் சூடாவதும், சில்லு விழ வேண்டிய இடத்தில் நீண்ட சிம்புகள் விழுவதும் இதன் அடையாளங்களே. சிம்புகளில் முள் அப்படியே நிற்கும். கண்மாய்க்குள் ஆடு மேய்ப்பவர்கள் பாடு அதன்பிறகு சொல்லி மாளாது.

கத்திப் பல்லைக் கிரைண்டரில் தீட்டும்போது முதலில் இருந்த சாய்வுக் கோணம் மாறக் கூடாது. ஒரே மூச்சில் அழுத்தித் தீட்டினால் விளிம்பு வைக்கோல் நிறத்திலிருந்து ஊதாவுக்கும் நீலத்துக்கும் மாறும். நீலம் பாரித்த விளிம்பு பதம் இழந்தது, கூராகத் தெரிந்தாலும் நிற்காது. சிறிது சிறிதாகத் தீட்டிக் காற்றில் ஆறவிட வேண்டும், தண்ணீரில் முக்கக் கூடாது. கார்பைடு முனையைச் சாதாரணக் கல்லால் தொடவே வேண்டாம். அதற்கு வைரச் சக்கரம் வேண்டும், அதன் தூள் நுரையீரலுக்குத் தீங்கு என்பதால் முகக்கவசமும் வேண்டும். முனை உடைந்தால் பல்லையே மாற்றுவது உத்தமம்.

ஒரு பல் போனால் என்ன, மீதிப் பற்கள் இருக்கின்றனவே என்று ஓட்டுவது மிகப் பொதுவான பழக்கம். பல்முனை சுற்றும் விட்டம் 45 செ.மீ., வேகம் நிமிடத்துக்கு 2,000 சுற்று என்று கொண்டால் அம்முனை மணிக்கு ஏறத்தாழ 170 கி.மீ. வேகத்தில் செல்கிறது. அந்த வேகத்தில் ஒரு பக்கம் எடை குறைந்தால் வரும் அதிர்வு பேரிங்கில்தான் போய் முடியும். ஆகவே புதுப் பல் போடும்போது அதற்கு எதிர்ப்பக்கத்துப் பல்லையும் சேர்த்து மாற்றி எடையைச் சமன்படுத்த வேண்டும். கழன்ற பல்லும் அதே வேகத்தில்தான் வெளியேறும் என்பதால், இயங்கும் எந்திரத்திலிருந்து குறைந்தது 100 மீட்டர் தூரத்துக்காவது ஆளோ ஆடுமாடோ வராமல் தடுக்க வேண்டும். கரைமேல் நின்று ஊரே வேடிக்கை பார்ப்பதைப் பல இடங்களில் கண்டிருக்கிறேன். ஓட்டுநரால் எந்திரத்தையும் கூட்டத்தையும் ஒருசேரக் கவனிக்க முடியாது.

எனவே அடுத்து விடப்போகும் ஒப்பந்தங்களில் நிலப்பகுதிவாரியாகப் பல்லின் வகை, முழு மாற்றுத் தொகுதி ஒன்றைப் பணியிடத்தில் வைத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை, தேய்மானப் பற்களுக்கான தனிச் செலவினம், தூர் எடுப்பதற்கான தனி இனம், ஓட்டுநர் கையெழுத்திடும் தினசரிப் பல் சோதனைப் பதிவேடு ஆகியவற்றைச் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். இறுதிப் பட்டியலுக்குப் பணம் கொடுப்பதை ஒரு மழைக்காலம் கழித்து, துளிர்த்த கட்டைகளை எண்ணிப் பார்த்த பின் என்று வைத்தால் இந்த நிபந்தனைகள் ஏட்டளவில் நின்றுவிடாது. மதிப்பீட்டுக்கு முன் தேய்ந்த பற்களையும் புதுப் பற்களையும் ஒப்பிட்டுப் பார்க்க விரும்பும் பொறியாளர்களுக்குக் காட்ட என் பட்டறையில் அவை உண்டு. எந்த வேலை நாளிலும் வரலாம்.

இப்படிக்கு,
எந்திரக் கருவிப் பழுதுநீக்குநர் ஒருவர்