லிஃப்டரை மாற்றும் முன்: பண்டாரவளை நண்பனுக்கு

கல்லடி, மட்டக்களப்பு

அன்பின் மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. போனில் அனுப்பிய எஞ்சினின் டிக் டிக் சத்தத்தையும் கேட்டேன். கராஜில் எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டைத் திறந்து பதினாறு லிஃப்டரையும் மாற்றச் சொன்னார்கள் என்று எழுதியிருக்கிறாய். இப்போதைக்குத் திறக்க விடாதே. ஏன் என்று சொல்கிறேன். முதலில் ஊர்ப் புதினம்.

இங்கே கச்சான் காற்று அடிக்கிறது. பதினொரு மணிக்குப் பிறகு கராஜ் தகரத்துக்குக் கீழே நிற்க முடியாது. படுவான்கரையில் சிறுபோக அறுவடை தொடங்கிவிட்டதால் கார்களை விட டிராக்டர் வேலைதான் கூட. உன் அம்மாவை ஆரையம்பதிச் சந்தையில் கண்டேன். முழங்கால் நோ அப்படியேதான், ஆனால் கதைக்குக் குறைவில்லை. மாமாங்கக் கோயில் தீர்த்தத்துக்கு நீ காரில் வருகிறாய் என்று சந்தை முழுவதும் சொல்லிவைத்திருக்கிறா. அதனால் இந்தக் கார் விசயத்தில் எனக்கும் பொறுப்பு வந்துவிட்டது.

சரி, சத்தத்துக்கு வருவோம். லிஃப்டர் என்பது, சுற்றிச் சுற்றி வால்வைத் திறக்கிற கேமுக்கும் அந்த வால்வுக்கும் இடையில் இருக்கும் இடைவெளியை ஒயில் அழுத்தத்தால் நிரப்பி வைக்கிற சின்ன உருளை. உள்ளே ஒரு பிளஞ்சர், ஒரு ஸ்பிரிங், வந்த ஒயிலைத் திரும்பிப் போக விடாத ஒரு குண்டு, அவ்வளவுதான். ஒயில் ஒழுங்காக வராவிட்டால் அது தளர்ந்துவிடும், கேம் வந்து தட்டும். ஆக, டிக் டிக் என்று கேட்டால் ‘இங்கே ஒயில் போதவில்லை’ என்பதுதான் முதல் அர்த்தம். லிஃப்டர் செத்துவிட்டது என்பது கடைசி அர்த்தம். அதைப் பார்க்காமல் லிஃப்டரை மாற்றுவது, காய்ச்சல் காட்டுகிறது என்று தெர்மாமீட்டரை மாற்றுகிற கதை.

அது லிஃப்டர் சத்தம்தானா என்பதையே முதலில் உறுதி செய்ய வேண்டும். கேம், பிஸ்டன்கள் சுழற்றுகிற தண்டான கிராங்கின் பாதி வேகத்தில்தான் சுற்றும். கார் நின்றபடி எஞ்சின் நிமிடத்துக்கு 800 சுற்றில் ஓடும்போது ஒரு லிஃப்டர் நிமிடத்துக்கு 400 தட்டு, அதாவது செக்கனுக்கு ஏழுக்குக் கிட்ட தட்டும். பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கிற கனெக்டிங் ராடின் இடி கிராங்கின் வேகத்திலேயே வரும், அடித்தொண்டையில் இருந்து வருகிற மாதிரிக் கேட்கும். அந்தச் சிலிண்டரின் கொயில் வயரைக் கழற்றினால் இடி குறையும். லிஃப்டர் தட்டு அதற்கெல்லாம் மசியாது.

உன் கார் நேரடியாகச் சிலிண்டருக்குள் பெற்றோல் அடிக்கிற வகை என்றால் இன்ஜெக்டரும் உயர் அழுத்தப் பம்பும் பிறவியிலேயே டிக் டிக் என்றுதான் இருக்கும். நீளமான ஸ்குரூ டிரைவரின் நுனியை வால்வு கவரிலும், பிறகு பம்பிலும் வைத்து, பிடியில் காதை வைத்துக் கேள். எங்கே கூடுதலாகக் கேட்கிறது என்று குழந்தைக்கும் தெரியும். சேர்ட்டும் கையும் பெல்ட்டில் மாட்டாமல் பார்த்துக்கொள். புகையின் வேகத்தில் சுழன்று எஞ்சினுக்குள் காற்றை அழுத்துகிற டேர்போ உள்ள உன்னுடையது போன்ற கார்களில் ஏமாற்றுகிற இன்னொன்று, அந்தப் புகை வெளியேறுகிற எக்ஸோஸ்ட் மேனிஃபோல்டின் கசிவு. குளிரில் டிக் டிக், ஏற்றத்தில் மிதித்தால் கூடும், இரும்பு சூடாகி விரிந்ததும் அடங்கும். கசிகிற இடத்தில் கரி படிந்திருக்கும். நீ அனுப்பிய பதிவில் சூடான பிறகும் தட்டுகிறது, ஆகவே அது இல்லை என்று நினைக்கிறேன்.

காலையில் ஸ்டார்ட் செய்ததும் சில செக்கன் தட்டி நின்றுவிட்டால் கவலையே வேண்டாம். இரவில் ஒயில் வடிந்திருக்கும். மலிவான ஃபில்டர்களில் சிலவற்றில் ஒயிலைத் திரும்ப வடிய விடாத ரப்பர் வால்வு சரியாக மூடாது. ஃபில்டரை மாற்றினாலே அந்தத் தட்டு போய்விடும். எஞ்சின் சூடான பிறகும் தட்டுவதுதான் சங்கடம்.

என் சந்தேகம் எஞ்சினின் அடியில் ஒயில் நிற்கிற தொட்டியான சம்ப்பின் மேல். பண்டாரவளைக் குளிரில் பள்ளிக்கூடத்துக்கும் வீட்டுக்குமான குட்டி ஓட்டத்தில் எஞ்சின் முழுதாகச் சூடேறுவதே இல்லை. உள்ளே படிகிற ஈரம் ஒயிலோடு சேர்ந்து சகதியாகும். அதோடு டேர்போ நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலக்கூடியது, அதன் பேரிங்குக்கும் இதே ஒயில்தான். ஏற்றம் ஏறி வந்த கையோடு சாவியைத் திருப்பி நிறுத்தினால் அங்கே தங்கிய ஒயில் கருகும். இந்தச் சகதியெல்லாம் ஒயில் பம்ப் உறிஞ்சுகிற வலையில் போய்ச் சேரும். வலை அடைத்தால் முதலில் முனகுகிறது லிஃப்டர், அடுத்தது டேர்போ. நீ வாங்கியபோதே பழைய கார். 2020 மார்ச்சில் இறக்குமதி நின்றது. 2025 பெப்ரவரி வரை புதிய கார் வராததால் ஊரில் ஓடுகிறதில் நிறைய, வயது கூடின வண்டிகள். 2022 இல் விலை ஏறியபோது ஒயில் மாற்றுவதைத் தள்ளிப்போட்டவர்கள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும். உனக்கு முன் வைத்திருந்தவர் என்ன செய்தாரோ!

ஆகையால் இந்த ஒழுங்கில் போ. டிப்ஸ்டிக்கைப் பார். குறைவும் பிழை, கூடுதலும் பிழை. கூடினால் கிராங்க் ஒயிலை நுரைக்க வைக்கும், நுரையை லிஃப்டரால் தாங்க முடியாது. வெயிலுக்கு நல்லது என்று 20டபிள்யூ-50 என்ற தடித்த ஒயிலை ஊற்றியிருந்தால் அதை எடுத்துவிட்டுக் கைநூலில் உள்ள தரத்தை ஊற்று. பிறகு ஒயில் லைட்டை எரிய வைக்கிற ஒயில் சுவிட்சைக் கழற்றி அந்த இடத்தில் அழுத்தம் காட்டுகிற கேஜ் போட்டு, எஞ்சின் சூடான பிறகு அழுத்தத்தை அளக்கச் சொல். ஆயிரம் சுற்றுக்குப் பத்து பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அளவு) என்று பட்டறைகளில் ஒரு வாய்க்கணக்கு உண்டு, சரியான எண் கைநூலில் இருக்கும். அழுத்தம் குறைவென்றால் சம்ப்பைக் கழற்றி வலையைப் பார். ஃபிளஷ் மருந்து ஊற்ற யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல். கட்டி கட்டியாகக் கழன்று அதே வலையையும் டேர்போவுக்குப் போகிற மெல்லிய குழாயையும் அடைக்கும்.

அழுத்தம் சரியாக இருந்தும் தட்டினால்தான் வால்வு கவரைத் திறப்பது. கேமின் மூக்கு மேலே நிற்கும்படி கிராங்கைத் திருப்பி, மரக்குச்சியால் ஒவ்வொரு லிஃப்டராக அழுத்த வேண்டும். நல்லது கல் மாதிரி நிற்கும், கெட்டது அமுங்கும். அந்த இடத்துக் கேம் தேய்ந்திருக்கிறதா என்று அப்போதே பார்க்கச் சொல். புதிதாகப் போட்டால், உடனே ஸ்டார்ட் செய்யாமல் அரை மணித்தியாலமாவது விடச் சொல். லிஃப்டர் வடிந்து தன் உயரத்துக்கு வருமுன் சுற்றினால் வால்வு பிஸ்டனில் மோதலாம். கழற்றின லிஃப்டர் மலிவாகக் கிடைக்கிறது என்று கொழும்பில் பழைய உதிரிப்பாகம் விற்கிற பஞ்சிகாவத்தைக்கு ஓடாதே. ஒரு கேமில் ஓடித் தேய்ந்ததை இன்னொரு கேமுக்குப் பொருத்துவது வீண்.

கேஜ் அங்கே கிடைக்காவிட்டால் என்னிடம் இருக்கிறது, பஸ்ஸில் ஏற்றி விடுகிறேன். அழுத்தம் என்ன காட்டியது என்று சொல்லாமல் லுணுகலை இறக்கத்தில் காரை எடுத்துக்கொண்டு புறப்படாதே. சிவப்பு ஒயில் லைட் எரிந்தால் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டக் கூடாது. கார் சரிவராவிட்டால் பஸ்ஸில் செங்கலடி வந்து இறங்கு, மோட்டார் சைக்கிளோடு நிற்பேன். அம்மாவிடம் நானே சொல்லிச் சமாளிக்கிறேன்.

பிள்ளைகளுக்கும் வீட்டாருக்கும் அன்பு.

உன் மச்சான்