ஜெய்ப்பூர் கல் கடிகாரம் பின்தங்கவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த ராஜஸ்தான் பயணக் கட்டுரையை ரசித்துப் படித்தேன். ஆனால் ஜெய்ப்பூர் ஜந்தர் மந்தர் என்ற பழைய வானியல் ஆய்வுக்கூடத்தில் உள்ள பெரிய சூரியக் கடிகாரம் கைக்கடிகாரத்தைவிட அரை மணி நேரம் பின்தங்கியிருந்ததாகவும், பழசாகிவிட்டதால் அப்படி இருக்கலாம் என்றும் கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். பாவம், அந்தக் கடிகாரத்தின் மேல் தப்பில்லை.

நம் கைக்கடிகாரம் காட்டுவது இந்தியா முழுவதற்கும் பொதுவான, 82.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகையின் நேரம். ஜெய்ப்பூர் அதற்கு மேற்கே, 75.8 பாகையில் இருக்கிறது. பாகைக்கு 4 நிமிடம் என்று கணக்கிட்டால் சுமார் 27 நிமிட வித்தியாசம் வரும். சரி, எல்லா நாளும் இதே 27தானா என்றால் அதுவும் இல்லை. பூமியின் அச்சு சாய்ந்திருக்கிறது, சுற்றுப்பாதையும் சரியான வட்டம் அல்ல. அதனால் பிப்ரவரி நடுவில் வித்தியாசம் 41 நிமிடம் வரை போகும். நவம்பர் தொடக்கத்தில் 10 நிமிடமாகக் குறைந்துவிடும். சம்ராட் யந்திரம் என்ற அந்தப் பெரிய சூரியக் கடிகாரம் ஜெய்ப்பூரின் சொந்தச் சூரிய நேரத்தைச் சொல்கிறது, அவ்வளவுதான்.

ஜெய்ப்பூர் மன்னர் இரண்டாம் சவாய் ஜெய்சிங் இதைக் கல்லில் கட்டியதற்குக் காரணம் உண்டு. அக்காலப் பித்தளைக் கருவிகள் சிறியவை. அச்சு தேய்ந்து ஆட்டம் கண்டுவிடும். அதனால் கருவியையே கட்டடமாக்கிவிட்டார். சுமார் 27 மீட்டர் உயரச் சுவர், ஜெய்ப்பூரின் அட்சரேகைக்கு ஏற்ப 27 பாகை சரிவில் வானின் வடதுருவத்தை நோக்கி ஏறுகிறது. அதன் நிழல் இருபுறமும் உள்ள வளைந்த அளவுகோல்களில் நிமிடத்துக்குச் சுமார் 6 சென்டிமீட்டர் நகரும். நின்று பார்த்தால் நகர்வது கண்ணுக்கே தெரியும்! நாங்கள் போனபோது வழிகாட்டி ராசிகளைப் பற்றியே பேசி, படம் எடுத்துக்கொள்ளச் சொல்லி, வேகமாகக் கூட்டிப்போய்விட்டார். நிழலைப் பார்க்கவென்று நான் மட்டும் திரும்பி வந்தேன்.

'2 விநாடி வரை துல்லியம்' என்று எல்லோரும் சொல்கிறார்கள். அளவுகோலில் கோடுகள் அவ்வளவு நெருக்கமாக இருப்பது உண்மை. ஆனால் சூரியன் புள்ளி அல்ல, அரை பாகை அகல வட்டு. ஆகவே நிழலின் ஓரம் மங்கிப் பல சென்டிமீட்டருக்குப் பரவிக் கிடக்கும். அந்த மங்கலுக்குள் மெல்லிய நூலையோ குச்சியையோ பிடித்து, அதன் நிழல் எங்கே மறைகிறது என்று பார்த்துத்தான் நுணுக்கமாக அளக்க முடியும். இதை யாராவது ஒருவர் அங்கே செய்து காட்டினால் பிள்ளைகள் எவ்வளவு ஆர்வமாகப் பார்ப்பார்கள்!

டெல்லி ஜந்தர் மந்தரைப் பார்த்தால் போதாதா என்று கேட்பவர்களுக்கு: அங்கே சுற்றியுள்ள உயரமான கட்டடங்கள் வெயிலை மறைக்கின்றன. ஜெய்ப்பூருக்கே போங்கள், மழைக்காலத்தை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், ஈரோடு