கணைய நீர்க்கட்டியும் மற்ற புற்றுநோய்களும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கணைய நீர்க்கட்டி பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். இந்தக் கட்டி உள்ளவர்களில் பலருக்கு உடம்பின் வேறு உறுப்புகளிலும் புற்றுநோய் இருக்கிறது என்ற வரியைத் தனியே பெட்டி கட்டிப் போட்டிருந்தீர்கள். ஸ்கேன் படம் பார்த்து அறிக்கை எழுதுவது என் வேலை. அந்த வரி பொய்யில்லை. ஆனால் பாதியில் நிற்கிறது. கட்டியோடு நிம்மதியாக இருப்பவர்களையும் அது வீணாகக் கலங்கடிக்கும்.

நீர்க்கட்டி எல்லாமே ஒரே ரகம் இல்லை. கணைய அழற்சிக்குப் பிறகு நீர் தேங்கி உண்டாவது வேறு. தெளிந்த நீர் நிறைந்த சீரஸ் வகைக் கட்டி புற்றாக மாறுவது மிக மிக அரிது. உங்கள் கட்டுரை பேசியது ஐ.பி.எம்.என். வகையைப் பற்றி. (முழுப் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் நோயாளி பாதி பயந்துவிடுவார்.) இது கணையக் குழாயின் உட்சுவரில் முளைத்துச் சளி போன்ற திரவத்தைச் சுரக்கும். கிளைக் குழாயில் வந்தால், எம்.ஆர்.ஐ. படத்தில் பிரதானக் குழாயை ஒட்டித் திராட்சைக் கொத்துபோல வெள்ளையாகத் தெரியும். பலருக்கு எந்தத் தொந்தரவும் இருக்காது. வேறெதற்கோ எடுத்த ஸ்கேனில்தான் கண்ணில் படும்.

அந்த 'வேறெதற்கோ'வில்தான் விஷயமே இருக்கிறது. 70 வயதில் ஒருவருக்கு ஏன் திரும்பத் திரும்ப சி.டி. எடுக்கிறோம்? பல நேரம் அவருக்கு ஏற்கெனவே பெருங்குடலிலோ மார்பகத்திலோ புற்று இருந்திருக்கும். அது பரவியிருக்கிறதா என்று தேடும்போது கணையத்தில் 12 மி.மீ. அளவில் ஒரு கட்டி தட்டுப்படும். அறிக்கையின் அடியில் நானும் ஒரு வரி எழுதி வைப்பேன். பிற்பாடு யாராவது பழைய அறிக்கைகளைப் புரட்டிக் கணக்கெடுத்தால், 'நீர்க்கட்டியோடு வேறு புற்றும் உள்ளவர்' பட்டியலில் இவரும் ஏறிவிடுவார். புற்று முந்தி, கட்டி பிந்தி என்பது அந்தக் கணக்கில் தெரியாது. இரண்டுமே வயது ஏற ஏற அதிகமாகக் காணப்படுபவை என்பதும் தெரியாது.

ஐ.பி.எம்.என். உள்ளவர்களில் வேறு உறுப்பில் புற்றும் உள்ளவர்களின் விகிதம், வெளிவந்த ஆய்வுகளில் சுமார் 10 சதவீதத்திலிருந்து 40 சதவீதத்துக்கும் மேல் வரை தாவுகிறது. ஒரே நோய்க்கு இவ்வளவு இடைவெளி என்றால், எண்ணும் முறையைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன். ஜப்பான், கொரியா ஆய்வுகளில் இரைப்பைப் புற்று முன்னால் நிற்கிறது. மேற்கத்திய ஆய்வுகளில் பெருங்குடல், மார்பகம், புராஸ்டேட். அந்தந்த நாட்டு மக்களிடம் பொதுவாகவே அதிகம் காணப்படுபவை இவைதான். கட்டி கண்டறிந்த பிறகு வந்த புற்றுகளை மட்டும் எடுத்து, அதே வயதுப் பொதுமக்களோடு ஒப்பிட்ட ஆய்வுகளில் சிலவற்றில் கூடுதல் ஆபத்து தென்படவேயில்லை. மாறாகச் சொன்ன ஆய்வுகளும் உண்டு. வழக்கு முடிந்துவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். இந்தக் கட்டிகளைக் கையாள்வதற்கான சர்வதேச வழிகாட்டுதலான 2012ஆம் ஆண்டின் ஃபுகுவோகா வழிகாட்டுதலும் இதற்கென்று தனிப் பரிசோதனை எதையும் விதிக்கவில்லை. அந்தந்த நாட்டில் எந்தப் புற்று அதிகமோ அதை மனதில் வைக்கச் சொன்னதோடு நிறுத்திக்கொண்டது. வயதுக்கேற்ற கொலோனோஸ்கோப்பி (பெருங்குடலுக்குள் கேமரா விட்டுப் பார்ப்பது), மார்பகப் பரிசோதனை போன்றவற்றைக் கட்டி இருந்தாலும் இல்லாவிட்டாலும் செய்துகொள்ள வேண்டியதுதான். பியூட்ஸ்-ஜெகர்ஸ் போன்ற பரம்பரைக் கோளாறு உள்ள குடும்பங்களின் கதை வேறு. அங்கே பல உறுப்புகளிலும் ஆபத்து நிஜமாகவே கூடுதல்.

கட்டுரை தொடாமல் விட்டதுதான் எனக்குப் பெரிய குறை. கூடுதல் புற்று என்று உண்மையில் பயப்பட வேண்டிய இடம் கணையமேதான். ஐ.பி.எம்.என். உள்ள சிலருக்குக் கட்டி அப்படியே இருக்க, அதிலிருந்து விலகி, அதே கணையத்தின் இன்னொரு பகுதியில் தனியாகப் புற்று முளைப்பதுண்டு. ஆகவே அடுத்த ஸ்கேனில் கட்டியை மட்டும் அளந்துவிட்டு எழுந்துவிடக் கூடாது. குழாய் எங்காவது திடீரென்று குறுகுகிறதா, அதற்கு அப்பால் கணையம் சுருங்கியிருக்கிறதா என்று கணையத்தின் தலைப் பகுதியிலிருந்து வால் பகுதி வரை பார்க்க வேண்டும். அறுவை சிகிச்சையில் ஒரு பகுதியை எடுத்தவர்களுக்கும் மிச்சமுள்ள கணையத்தைக் கண்காணிப்பது தொடர வேண்டும். மஞ்சள் காமாலை, காரணமில்லாத எடைக் குறைவு, புதிதாக வந்த சர்க்கரை நோய் இவற்றில் எது வந்தாலும் அடுத்த ஸ்கேன் தேதிவரை காத்திருக்காமல் மருத்துவரிடம் போய்விட வேண்டும்.

அந்தப் பெட்டிச் செய்தியை மறுபடி வெளியிடும் எண்ணம் இருந்தால், புற்று கட்டிக்கு முன்பு வந்ததா, கூடவே கண்டறியப்பட்டதா, பின்பு வந்ததா என்று மூன்றாகப் பிரித்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஸ்கேன் அறிக்கை எழுதும் ஒரு மருத்துவர்